அப்பாவுக்கு சுகர் இறங்குது, எல்டிஎல் (கெட்ட கொலஸ்ட்ரால்) ஏறுது. அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க

வணக்கம். அப்பாவுக்கு 61 வயசு. சுகர் வந்து 14 வருஷம், போன வருஷம் இதயத்துல ஸ்டென்ட் வெச்சாச்சு. மூணு மாசமா சோறு, இட்லி எல்லாத்தையும் நிறுத்திட்டார். காலையில வெண்ணெயில வதக்கின நாலு முட்டை, மத்தியானம் மட்டன், ராத்திரி பன்னீர். அம்மா முருங்கைக்கீரை வெச்சா ஓரமா ஒதுக்கிடுவார்.

பலன் இல்லைனு சொல்ல முடியாது. எச்பிஏ1சி (மூணு மாச சராசரி சுகர்) 8.9-ல இருந்து 6.8. டிரைகிளிசரைடுங்கற ரத்தக் கொழுப்பு 240 இருந்தது, இப்ப 135. எடை ஏழு கிலோ குறைஞ்சிருக்கு. ஆனா எல்டிஎல் 78-ல இருந்து 149! ஸ்டென்ட் வெச்சவங்களுக்கு 70-க்குக் கீழ, முடிஞ்சா 55-க்குக் கீழ இருக்கணும்ங்கறார் இதய டாக்டர். விசாரிச்சா, "அதான் சுகர் குறைஞ்சிடுச்சே"னு கொலஸ்ட்ராலைக் குறைக்கற ஸ்டாட்டின் மாத்திரையை அப்பாவே பாதியாக்கியிருக்கார். (அம்மாகிட்ட நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டார்.) மறுபடி முழுசா போட ஆரம்பிச்சாச்சு.

நடுவுல ஒரு நாள், கிளிமிபிரைடுங்கற சுகர் மாத்திரை போட்டிருந்தார், பதினோரு மணிக்கு வேர்த்துக் கொட்டி கை நடுங்குது. மீட்டர்ல 58. அப்புறம்தான் டாக்டர் டோஸைக் குறைச்சார். இப்படி சாப்பாட்டை மாத்துறவங்க முதல்லயே மாத்திரையைப் பத்திக் கேட்டுடுங்க. டாபாகிளிஃப்ளோசின்ங்கற சுகர் மாத்திரை எடுக்கறவங்க கட்டாயம் கேளுங்க; அதுல சுகர் நார்மலா காட்டினாலும் கீட்டோன் (உடம்பு கொழுப்பை எரிக்கும்போது ரத்தத்துல சேர்ற அமிலம்) ஆபத்தான அளவுக்கு ஏறிடலாம்.

என் கேள்வி இதுதான். மாவுச்சத்தைக் குறைவாவே வெச்சுக்கிட்டு, வெண்ணெய், மட்டனுக்குப் பதிலா மீன், நிலக்கடலை, நல்லெண்ணெய், காய்கறின்னு மாத்தி எல்டிஎல்லை இறக்கினவங்க இருக்கீங்களா? காலை டிபனுக்கு என்ன பண்ணீங்க? சனிக்கிழமை சைவம் வேற. அப்பாகிட்ட ரிப்போர்ட்டை விட இன்னொருத்தர் அனுபவம்தான் எடுபடும்.