பெரிய குடும்பத்தில் வளர்ந்தவர்களே, இன்னும் உறுத்துகிற ஒரு சம்பவம் சொல்லுங்கள்

ஒன்பதாவது பேரன்:

நானே ஆரம்பிக்கிறேன். மன்னார்குடி பக்கம் கிராமம். தாத்தா, அப்பாயி, நாலு மகன்கள், நாலு மருமகள்கள், பிள்ளைகள் பன்னிரண்டு. 22 பேருக்கும் ஒரே அடுப்படி. ஞாயிற்றுக்கிழமை முட்டைக் குழம்பு. 11 முட்டை, 22 பாதி, அவ்வளவுதான்.

முட்டையை நூலால் அறுப்பது உங்களுக்கே தெரியும். கத்தி பட்டால் மஞ்சள் கரு உதிர்ந்துவிடும். சின்னச் சித்தி நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு சரக்கென்று இழுப்பார். ஒரு ஞாயிறு, சித்தியின் மகன் எனக்கு அடுத்த தட்டு. அவன் சோற்றைக் கிளறினான், அடியில் முழு முட்டை. அறுக்காத முட்டை! நான் நிமிர்ந்து பார்த்தேன். கரண்டியோடு நின்ற சித்தியும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை இல்லை.

அடுத்த ஞாயிறு என் சோற்றுக்கு அடியில் முழு முட்டை இருந்தது. அவனுக்கு அன்று பாதிதான். சாப்பிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. அப்போது எனக்கு எட்டு வயசு, இப்போது நாற்பத்தாறு. அது பாசமா, வாயடைக்கப் போட்டதா?

பூட்டுசாவி:

லஞ்சம்தான். இதில் என்ன சந்தேகம்? எங்கள் வீட்டிலும் இப்படித்தான், பலகாரம் எல்லாம் பெரியம்மா பீரோவுக்குள் போய்விடும். முறுக்கு டின் திறக்கிற சத்தத்தை மறைக்க இருமுவார். பெரியம்மாவுக்கு இருமல் வந்தாலே எங்களுக்கு வாய் ஊறும்.

வளவுக்காரன்:

எங்கள் செட்டிநாட்டுப் பக்கம் இந்த முட்டைப் பிரச்சினையே வராது. கல்யாணமானதும் மகனை வேறு வைத்துவிடுவார்கள். வீடு ஒன்றுதான், வளவு என்கிற நடு முற்றத்தைச் சுற்றி ஆளுக்கு ஓர் அறை. ஆனால் அடுப்பு தனி, சாமான் தனி, செலவுக் கணக்கு தனி. கோயில் வரி கூட கல்யாணமானவனைத் தனிப் புள்ளியாக எண்ணித்தான் வாங்குவார்கள். நல்லது கெட்டது என்றால் மட்டும் எல்லோருக்கும் ஒரே பந்தி.

அதற்காக உறுத்தல் இல்லை என்று சொல்லவில்லை. ஒரு நாள் விருந்தாளி வந்துவிட்டார், காபிப் பொடி இல்லை. அப்பத்தா அடுப்புக்குக் கடன் வாங்க என்னை அனுப்பினார் அம்மா. அப்பத்தா சின்ன டம்ளரில் அள்ளி, மேலே குமிந்திருந்ததை ஆள்காட்டி விரலால் வழித்து டப்பாவிலேயே தட்டிவிட்டுக் கொடுத்தார். சொந்த மகன் வீட்டுக்கு! மறுநாள் அம்மா அதே டம்ளரில் குமியக் குமியத் திருப்பி அனுப்பினார். அப்பத்தா அதையும் விரலால் வழித்து, மீதியைக் காகிதத்தில் மடித்து என்னிடமே கொடுத்துவிட்டார். அந்தப் பொட்டலத்தோடு வளவில் நடுவாக நின்றது இப்பவும் ஞாபகம் இருக்கிறது.

நாலாம் நம்பர் மருமகள்:

பூட்டுசாவி தம்பி, பரிமாறிப் பார்த்திருக்கிறீர்களா? பேசுவது சுலபம். எங்கள் வீட்டில் 19 பேர். காலையில் இட்லி என்றால் நூறுக்குக் குறையாது. குண்டானில் ஒரு ஈட்டுக்கு 16. ஏழு ஈடு, ஒவ்வொன்றும் பத்துப் பன்னிரண்டு நிமிஷம். முதல் ஈடு மாமனாருக்கு, கடைசி ஈடு எங்களுக்கு. சட்னி கிண்ணத்தைத் தண்ணீர் விட்டு அலசி அதைத் தொட்டுக்கொண்டு தின்ற நாள் உண்டு.

ஒன்பதாவது பேரன், உங்கள் கணக்கை நானும் போட்டுப் பார்த்தேன். 11 முட்டையில் ஒன்றை அறுக்காமல் வைத்தால் மிச்சம் 10, அதாவது 20 பாதி. முழுசு வாங்கினவனையும் சேர்த்து 21 பேர். 22வது ஆள் யார்? கரண்டி யார் கையில் இருந்தது?

பூட்டுசாவி:

அக்கா, கணக்கெல்லாம் சரி. அவருக்கு அன்றைக்கு வயிறு சரியில்லாமல் இருந்திருக்கும். இரண்டு ஞாயிறும்.

பழைய அட்டை:

எங்கள் வீட்டில் சண்டை சர்க்கரையால் வந்தது. ரேஷனில் ஆளுக்கு அரைக் கிலோ, ஆனால் அட்டைக்கு 2 கிலோவுக்கு மேல் கிடையாது. நாலு பேர் வீட்டுக்கும் அதேதான், எங்கள் 17 பேருக்கும் அதேதான். எனக்குக் கல்யாணமானதும் தனி அட்டைக்கு எழுதிப் போட்டோம். தனிச் சமையல் நடக்கிறதா என்று பார்க்க ஆள் வருவார்களே, அதற்காகப் பின்கட்டில் ஒரு மண்ணெண்ணெய் அடுப்பும் நாலு பாத்திரமும் வைத்தோம். வந்தவர் அடுப்பைத் தொட்டுப் பார்த்தார். ஜில்லென்று இருந்தது. “சமைக்கிறீங்களாம்மா?” என்று கேட்டார். நான் ஆமாம் என்பதற்குள் விஷயம் தெரியாத பாட்டி, “தனியாப் பொங்குறியாடி? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே” என்று திண்ணையிலேயே உட்கார்ந்துவிட்டார். பாட்டி அழுததைப் பார்த்துத்தான் அந்த அதிகாரி நம்பினார். அட்டை வந்தது. பாட்டி மட்டும் கடைசி வரை அந்தச் சர்க்கரை போட்ட காபியைத் தொடவே இல்லை.

பத்திரம் பத்திரம்:

எல்லோரும் முட்டை, சர்க்கரை என்று பேசுகிறீர்கள். பெரிய குடும்பத்தில் முக்கியம் பாகப்பிரிவினை. எங்கள் சித்தப்பா வாய்வார்த்தையாகப் பிரித்துக்கொண்டு இன்னும் கோர்ட்டுக்கு அலைகிறார், என் அனுபவம் அவ்வளவுதான். இனி கவனியுங்கள். கூட்டுப் பட்டாவாக இருந்தால் முதலில் வில்லங்கம் போட்டுப் பாருங்கள். பெண் பிள்ளைகளை விட்டுவிட்டுப் பத்திரம் எழுதாதீர்கள். தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25 முதலே மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் சம பங்கு, ஆனால் அதற்கு முன் கல்யாணமானவர்களுக்குக் கிடையாது என்று வைத்திருந்தார்கள். 2005 செப்டம்பர் 9ல் வந்த மத்தியச் சட்டத் திருத்தம் அந்தப் பாகுபாட்டை எடுத்துவிட்டது. அந்தத் தேதியில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020ல் சொல்லிவிட்டது. 2004 டிசம்பர் 20க்கு முன்பே பதிவான பிரிவினை என்றால் அதை அசைக்க முடியாது. ஆகவே அத்தைமார், அக்கா தங்கைகள் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கி, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்து…

வளவுக்காரன்:

ஐயா, இங்கே யாரும் சொத்து கேட்கவில்லை.

பத்திரம் பத்திரம்:

இன்றைக்குக் கேட்க மாட்டார்கள்.

ஒன்பதாவது பேரன்:

நாலாம் நம்பர் அக்கா எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை. நேற்று ராத்திரி சித்திக்குப் போன் போட்டேன். எழுபது தாண்டிவிட்டது, காது கொஞ்சம் மந்தம். “முழு முட்டை வைத்தீர்களே சித்தி, அது உங்கள் பங்குதானா?” என்று கத்திக் கேட்டேன்.

“எந்த முட்டைடா?” என்றார்.

முழுக்கதையும் சொன்னேன். ஒன்றும் ஞாபகம் இல்லையாம். அப்புறம் அவராகவே, “முட்டையை விடு. நான் வந்த வருசம், பச்சை உடம்புக்காரின்னு கூடப் பார்க்காம உங்க பெரியம்மா ஒரு கூடைப் பூண்டை உரிக்க வெச்சாளே, அது உனக்குத் தெரியுமா? நகம் எல்லாம் எரிஞ்சு, பிள்ளையைத் தூக்க முடியல” என்று ஆரம்பித்தார். முக்கால் மணி நேரம் பூண்டுதான். பெரியம்மா போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் ஆகிறது.