மசங்கல் என்றால் எத்தனை மணி?

உசிலம்பட்டி அத்தை: நாளைக்குக் குலசாமிக்குப் பொங்கல். மசங்கலுக்குள் எல்லோரும் வந்து சேருங்கள். இருட்டிவிட்டால் ஓடைப் பாதையில் கார் வராது.

சென்னை தம்பி: மணியில் சொல்லுங்கள் அத்தை

அத்தை: பொழுது மசங்குகிற நேரம்டா. ஆள் வருவது தெரியும், யாரென்று தெரியாது, அதுதான்.

தம்பி: மங்கல்தானே, நடுவில் எதற்கு ஒரு ச 😄

மேலூர் பெரியப்பா: மங்கல் இல்லை தம்பி, மயங்கல். ய இருக்கும் இடத்தில் ச வருவது நம் பேச்சில் சகஜம், உயரத்தை ஒசரம் என்கிறோம், முயலை மொசல் என்கிறோம். மயங்குவது என்றால் இப்போது எல்லோருக்கும் சுருண்டு விழுவதுதான் ஞாபகம் வருகிறது, ஆனால் கலப்பது என்ற பொருளும் அதற்கு உண்டு, பள்ளிக்கூடத்தில் திணைமயக்கம் படித்தாயே, ஒரு நிலத்துக்கு உரியது இன்னொரு நிலத்தில் கலந்து வருவது, அந்த மயக்கம்தான். வெளிச்சமும் இருட்டும் கலந்து கிடப்பதால் மசங்கல்.

லண்டன் அக்கா: அப்போ மசக்கை, பெரியப்பா?

பெரியப்பா: அதுவும் மயக்கத்தில் பிறந்ததுதான்மா.

மதினி: எங்கள் நாகர்கோவில் பக்கம் மம்மல் என்போம், பெரிய மாமா.

பெரியப்பா: நல்ல சொல். சங்கப் பாட்டில் மம்மர் என்றால் மயக்கம், கலக்கம். இரண்டும் உறவாகத்தான் இருக்கும்.

தம்பி: பரீட்சைக்கு எற்பாடு என்று ஒன்று படித்தேனே

பெரியப்பா: எல் என்றால் ஒளி, சூரியன். பாடு என்றால் படுவது, அதாவது சாய்வது. தொல்காப்பியம் எற்பாட்டை நெய்தலுக்குக் கொடுத்துவிட்டு மாலையை முல்லைக்கு வைத்தது. வெயில் சாயும்போது எற்பாடு, மசங்கினால் மாலை. எல்லுக்கு எதிர்ப்பக்கம் அல், இருட்டு. மதுரைக்காஞ்சியில் நம் ஊர் ராத்திரிக் கடைவீதிக்கு அல்லங்காடி என்றுதான் பேர், பகலில் நடப்பது நாளங்காடி. தூங்கா நகரம் என்று இன்றைக்கு போர்டு வைத்துப் பெருமைப்படுகிறோம், சங்க காலத்திலேயே இந்த ஊர் தூங்கவில்லை.

தம்பி: சூப்பர் பெரியப்பா 👏 அத்தை, மணி?

அத்தை: ஆறரைக்குள் வா.

அக்கா: மதுரையில் சூரியன் கிட்டத்தட்ட நேர்க்குத்தாக இறங்குவதால் மறைந்து இருபது நிமிடம் கொஞ்சம் கூடப் போனால் இருட்டிவிடும். இங்கே சாய்வாக இறங்குகிறது, ஜூன் மாதம் ஒன்பது மணிக்கு மேல்தான் மறையும், அப்புறமும் முக்கால் மணி நேரம் மசங்கல்தான் அத்தை.

அத்தை: ஒன்பது மணிக்கா! விளக்கு எப்போதுடி ஏற்றுவாய்?

அக்கா: ஆறு மணிக்கே ஏற்றிவிடுவேன். சுள்ளென்று வெயில் அடிக்கும்.