புதுப்பிப்பு: துத்தநாக ஆக்சைடு நானோபடிகங்களின் உட்தகைவு

நீருக்குள் வைத்த துத்தநாகத் தகட்டை லேசர் துடிப்புகளால் அகழ்ந்து பெற்ற ஆக்சைடு நானோபடிகங்களில், எக்ஸ்-கதிர் விளிம்பு விளைவு (படிக அடுக்குகளில் பட்டுக் கதிர் குறிப்பிட்ட கோணங்களில் வலுவாகச் சிதறுவது) தரும் முகடுகள் அகன்றிருப்பதற்குப் படிகங்களின் சிறுமையே காரணம் என்று இந்த இழையின் முதற்பதிவில் எழுதியிருந்தேன். உட்தகைவை, அதாவது படிகத்துக்குள்ளேயே தேங்கி அதன் அணு அடுக்குகளைத் திரிக்கும் உள்விசையை, கணக்கில் எடுத்தீர்களா என்று ஒரு நண்பர் கேட்டார். அவர் கேட்டது சரி. என் முடிவு அவசரமானது.

முகட்டின் அகலத்திலிருந்து படிக அளவைக் கணிக்கும் ஷெரரின் 1918ஆம் ஆண்டுச் சமன்பாடு அகலம் முழுவதையும் அளவின் மேல் ஏற்றிவிடுகிறது. ஆனால் அளவால் வரும் அகலம் பிராக் கோணத்தின் (முகடு கிடைக்கும்போது கதிர் படிக அடுக்கோடு ஆக்கும் கோணம்) கொசைனுக்குத் தலைகீழாகவும், சீரற்ற திரிபால் (தகைவால் அடுக்கு இடைவெளி இடத்துக்கு இடம் மாறுவது) வரும் அகலம் அதன் டேன்ஜென்டுக்கு நேராகவும் மாறுவதால், 1953இல் வில்லியம்சனும் ஹாலும் காட்டிய வழியில் இரண்டையும் பிரிக்க முடிகிறது. கருவியின் சொந்த அகலத்தைக் கழித்துவிட்டு, அகலத்தைக் கொசைனால் பெருக்கி, அதே கோணத்தின் சைனின் நான்கு மடங்குக்கு எதிராக வரைந்தபோது கோடு தெளிவாகவே சரிந்து ஏறியது. அந்தச் சரிவுதான் திரிபு. புள்ளிகள் ஒரே கோட்டில் அமையாததும் வியப்பில்லை, ஏனெனில் அறுகோணப் படிகமான இதன் மீள்தன்மை எல்லாத் திசைகளிலும் ஒன்றாக இருப்பதில்லை.

லேசர் எழுப்பும் பிளாஸ்மா (அயனியாகிய சூடான வாயு) நீரால் நெருக்கப்பட்டு மிக விரைவாகக் குளிர்வதால், ஆக்சிஜன் வெற்றிடங்கள் (ஆக்சிஜன் அணு இல்லாத இடங்கள்) போன்ற குறைகள் ஒழுங்குபடுமுன்னே உறைந்துவிடுகின்றன என்பதே நான் இப்போது ஏற்கும் விளக்கம். காற்றில் சூடாக்கி மெல்ல ஆறவிட்ட மாதிரியில் சரிவு குறைந்தது அதற்கு வலுச் சேர்க்கிறது.

அடுத்து, அணு அதிர்வுகளால் அலையெண் மாறிச் சிதறும் லேசர் ஒளியைக் காட்டும் ராமன் நிறமாலையில் சென்டிமீட்டருக்கு 438 என்ற அலையெண்ணின் அருகே வரும் முகட்டைப் பார்க்கப் போகிறேன். அமுக்கத் தகைவு அதைக் கூடுதல் அலையெண்ணுக்கு நகர்த்தும். அளக்கும் லேசரின் வெப்பமோ குறைந்த அலையெண்ணுக்கு இழுக்கும் என்பதால், திறனை மிகக் குறைத்தே அளக்க வேண்டும்.