பூனைக்குட்டி உணவில் புரதம்: 34 விழுக்காடும் 11 விழுக்காடும் எப்படிச் சமமாகும்?

கேள்வி

வணக்கம். பால்குடி மறந்து பத்து வாரமான கருநிறக் குட்டியொன்றை வளர்க்கிறேன். உலர் உணவுப் பையில் புரதம் 34 விழுக்காடு என்றும், ஈர உணவு டப்பாவில் 11 விழுக்காடு என்றும் அச்சிட்டிருக்கிறார்கள். இரண்டுமே வளரும் குட்டிகளுக்கு உரியவை என்கிறார்கள். மூன்றில் ஒரு பங்கு புரதம் மட்டுமே உள்ள உணவு எப்படிப் போதுமானதாக இருக்கும்? இரண்டையும் விட்டுவிட்டு, வேகவைத்த கோழி நெஞ்சுக்கறியை மட்டும் கொடுத்து வந்தால் என்ன?

மறுமொழி 1

நீரைக் கழித்துவிட்டுப் பாருங்கள். ஈர உணவில் 78 விழுக்காடு ஈரப்பதம் இருந்தால், மிஞ்சும் 22 பங்கில் 11 பங்கு புரதம். அதாவது உலர் எடையில் 50 விழுக்காடு. உலர் உணவின் ஈரப்பதம் 8 என்றால், 34-ஐ 92-ஆல் வகுக்க ஏறத்தாழ 37 வருகிறது. ஆகவே குறைவாகத் தெரிந்த டப்பாவில்தான் புரதம் கூடுதல். அமெரிக்கத் தீவனக் கட்டுப்பாட்டு அலுவலர்கள் சங்கம், அதாவது ஆஃப்கோ, உலர் எடையில் குட்டிகளுக்குக் குறைந்தது 30 விழுக்காடும் வளர்ந்த பூனைகளுக்கு 26 விழுக்காடும் வேண்டும் என்கிறது. உங்கள் இரண்டு உணவுகளுமே அந்த வரம்பைத் தாண்டிவிட்டன.

மறுமொழி 2

கணக்கு சரிதான். ஆனால் அந்த விழுக்காடு உணவிலுள்ள நைட்ரஜனை அளந்து 6.25-ஆல் பெருக்கிப் பெறும் எண் மட்டுமே என்பதால், புரதம் எந்த அமினோ அமிலங்களால் (புரதத்தின் கட்டுமானக் கூறுகளால்) ஆனது என்பதையோ எவ்வளவு செரிக்கும் என்பதையோ அது சொல்வதில்லை. வளரும் குட்டிக்கு அங்கேதான் விஷயம் இருக்கிறது. ஆஃப்கோ அட்டவணையில் வளர்ச்சிக்கான புரத வரம்பு 26-லிருந்து 30-க்குத்தான் உயர்கிறது. மெத்தியோனின், சிஸ்டீன் என்னும் இரண்டு அமினோ அமிலங்களும் சேர்ந்த தேவையோ 0.40-லிருந்து 1.10 விழுக்காட்டுக்குத் தாவுகிறது. உடலும் உரோமமும் ஒருசேர வளரும் பருவம் கந்தகம் உள்ள இந்த அமிலங்களை அவ்வளவு கேட்கிறது. பருப்பு வகைப் புரதங்களில் குறைவாக இருப்பதும் இவையே. ஆகவே தாவரப் புரதத்தைக் கொண்டு விழுக்காட்டை உயர்த்திக் காட்டும் உணவை நான் ஐயத்தோடுதான் பார்ப்பேன்.

ஆர்ஜினின் என்னும் அமினோ அமிலம் பற்றி இணையத்தில் நிறைய அச்சுறுத்துகிறார்கள். பூனையின் குடலால் அதற்குத் தேவையான முன்பொருள்களைப் போதிய அளவு உருவாக்க முடியாது. அதன் கல்லீரலோ உணவு குறைந்தாலும் அமினோ அமிலங்களைச் சிதைக்கும் வேகத்தை அதிகம் தணித்துக்கொள்வதில்லை. ஆர்ஜினின் அறவே இல்லாத ஒரே ஒரு வேளை உணவு சில மணி நேரத்துக்குள் இரத்தத்தில் அம்மோனியாவைப் பெருக்கிப் பூனைகளை நோயில் தள்ளியதை 1978-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. ஆனால் இறைச்சியில் அது தாராளமாக இருப்பதால் உங்களுக்கு அந்தக் கவலை வேண்டாம்.

பூனைக்கு உணவிலிருந்தே கிடைக்க வேண்டிய டாரின் என்னும் அமிலம் அப்படியன்று. அது புரதத்தோடு பிணைந்து நிற்கும் அமிலம் அல்லாததால், புரதம் மிகுந்த உணவிலும் அது குறைவாக இருக்கக்கூடும். பூனை தானே ஆக்கிக்கொள்ளும் அளவு மிகச் சிறிது. பித்த அமிலங்களோடு இணைக்கவோ அது டாரினை மட்டுமே பயன்படுத்துவதால் இழப்பும் தொடர்கிறது. குறைபாடு விழித்திரையைச் சிதைக்கும் என்று 1975-இலும், இதயத் தசையை விரிவடையச் செய்து தளர்த்தும் என்று 1987-இலும் தெரியவந்தது. ஆஃப்கோ உலர் உணவுக்கு 0.10, டப்பா உணவுக்கு 0.20 விழுக்காடு என்று வைத்திருக்கிறது. டப்பாவில் அடைத்துச் சூடேற்றிய உணவு குடலுக்குள் செல்லும்போது, அங்குள்ள நுண்ணுயிரிகள் டாரினைக் கூடுதலாகச் சிதைத்துவிடுவதே இந்த இரட்டிப்புக்குக் காரணம்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. குட்டியின் கருமை அண்மையில் சற்றே செம்பழுப்பாக மாறுவதுபோல் தெரிகிறது. இதற்கும் உணவுக்கும் தொடர்பு உண்டா?

மறுமொழி 3

இருக்கலாம். உரோமத்தின் கரிய நிறமி டைரோசின் என்னும் அமினோ அமிலத்திலிருந்து உருவாகிறது. டைரோசினைப் பூனை ஃபினைலலனின் என்னும் மற்றோர் அமினோ அமிலத்திலிருந்து ஆக்கிக்கொள்கிறது. இவ்விரண்டும் எடை கூடுவதற்குப் போதுமான அளவு இருந்தாலும் அது கருமையைக் காப்பதற்குப் போதாது என்பதால், நன்றாக வளரும் குட்டியின் உரோமமும் செம்மை பாயக்கூடும். வெயிலும் செம்புச்சத்துக் குறைவும்கூட இதே தோற்றத்தைத் தரும் என்பதால் நிறத்தை மட்டும் வைத்து முடிவு செய்யாமல் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

கோழி நெஞ்சுக்கறியை மட்டும் கொடுக்கும் எண்ணத்தைக் கைவிடுவதே நல்லது. வெள்ளைக் கறியில் டாரின் குறைவு. இருப்பதிலும் ஒரு பகுதி வேகவைத்த நீரோடு போய்விடும். அதைவிடப் பெரிய இடர், எலும்பில்லாத கறியில் பாஸ்பரசுக்கு ஈடான கால்சியம் இல்லாததுதான். அதையே தின்று வளரும் குட்டிக்கு எலும்புகள் மெலிந்து எளிதில் முறியும். சிற்றுண்டியாகச் சிறிதளவு கொடுப்பதில் தவறில்லை. டப்பா வாங்கும்போது, அது வளர்ச்சிக்கோ எல்லா வாழ்நிலைகளுக்கோ உரிய முழுமையான உணவு என்று எழுதியிருக்கிறதா, துணை உணவு என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இறைச்சித் துண்டுகள் கண்ணைக் கவரும் டப்பாக்களில் பல இரண்டாம் வகையைச் சேர்ந்தவை.