கை வைத்தால் சுற்றும் கியூப்

அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் படித்தவர்கள் யாரைக் கேட்டாலும் கியூப் பற்றிச் சொல்ல ஏதாவது வைத்திருப்பார்கள். ஆன் ஆர்பர் வளாகத்தில், மாணவர் மையமான மிச்சிகன் யூனியனுக்குப் பக்கத்து ரீஜென்ட்ஸ் பிளாசாவில் ஒற்றை முனையில் நிற்கும் கறுப்பு எஃகுக் கனசதுரம் அது. 1968-இல் நிறுவினார்கள். செய்த சிற்பி டோனி ரோசந்தாலும் அங்கே படித்தவர்தான். முறையான பெயர் 'எண்டோவர்', ஆனால் மாணவர்களுக்கு அது எப்போதும் கியூப்.

ஊரிலிருந்து வந்த அம்மாவை அங்கே கூட்டிப்போனேன். "தொடலாமா? யாராவது வந்து திட்டப் போறாங்க" என்று தள்ளியே நின்றார். சிலை என்றால் தொடக் கூடாது என்றே கேட்டு வளர்ந்தவர். பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு மாணவி எங்களைப் பார்த்துவிட்டு எழுந்து வந்து, எந்த மூலையைப் பிடிக்க வேண்டும் என்று அம்மாவுக்குக் காட்டினார். முதலில் அசையவே இல்லை. இருவரும் சேர்ந்து தோள் கொடுத்ததும் மெல்ல நகர்ந்தது. அப்புறம் கையை எடுத்த பிறகும் சுற்றிக்கொண்டே இருந்தது. ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாத அந்த இரண்டு பேரும் அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றார்கள். அம்மா அதோடு விடவில்லை, அடுத்து வந்த குழந்தையைக் கையசைத்துக் கூப்பிட்டுத் தள்ளச் சொன்னார்.

அந்தச் சிற்பத்தின் உயிரே இதுதான் என்று நினைக்கிறேன். சுற்றும் என்று அங்கே யாரும் அறிவிக்க வேண்டியதில்லை. தெரிந்தவர் தெரியாதவருக்குக் காட்டிக் கொடுத்தே இத்தனை வருடம் ஓடுகிறது. பல்கலைக்கழகத் தலைவர் தினமும் காலையில் வந்து அதை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டால்தான் பல்கலைக்கழகமே இயங்கத் தொடங்கும் என்று சீனியர்கள் ஜூனியர்களுக்குச் சொல்லும் கதையும் அப்படி வந்ததுதான்.

*

அம்மா விஷயம் படிக்கவே சந்தோஷமாக இருந்தது. நான் மெக்கானிக்கல் படித்தவன் என்பதால் ஒன்று சொல்கிறேன். 15 அடி உயரம், ஆயிரம் கிலோவுக்கு மேல் எடை. ஆனாலும் மோட்டார் கிடையாது. எடை முழுவதும் நடு அச்சின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. நாம் எதையும் தூக்குவதில்லை, நின்றதை நகர்த்தினால் போதும். அச்சிலிருந்து தள்ளியிருக்கும் மூலையைப் பிடித்தால் பாதி பலம் மிச்சம். அந்தக் கீழ் மூலைகள் ஏறக்குறைய தோள் உயரத்தில்தான் இருக்கின்றன. வேகமாகச் சுற்றும்போது மட்டும் குழந்தைகளைக் கொஞ்சம் தள்ளி நிறுத்துங்கள், மூலை தலையில் பட்டுவிடும்.

*

நான் பழகியது இதன் அக்காவோடு, அதே ரோசந்தால் செய்த இன்னொரு சுற்றும் கனசதுரத்தோடு. நியூயார்க்கில் ஆஸ்டர் பிளேஸ், கூப்பர் யூனியன் கல்லூரிக்குப் பக்கத்தில். 'அலாமோ' என்று பெயர், 1967-இல் வைத்தது. கொஞ்ச காலத்துக்கு என்று வைத்ததை, அந்தப் பகுதி மக்கள் மனுக் கொடுத்து நிரந்தரமாக்கிவிட்டார்கள். இடையில் அது பழுதாகி, சுற்ற முடியாதபடி முட்டுக் கொடுத்து நிறுத்திவைத்திருந்த நாட்களில் அந்தப் பக்கம் போவதற்கே கஷ்டமாக இருந்தது. அதே எஃகு, அதே வடிவம், ஆனால் ஜனங்கள் போனைப் பார்த்துக்கொண்டே கடந்து போனார்கள். 2023-இல் கழற்றி எடுத்துப்போய்ச் சரிசெய்து, கோடையில் திரும்பக் கொண்டுவந்து வைத்தார்கள். அந்த வாரமே போய் முன்பின் தெரியாத மூன்று பேரோடு சேர்ந்து தள்ளினேன். நன்றாகச் சுற்றுகிறது, போகிறவர்கள் தள்ளிப் பாருங்கள்.