ஜன்னல் மாற்றிய பிறகு மழைநீர் கசிந்த அனுபவங்கள்

மடிப்பாக்கத்திலிருந்து:

எங்கள் தேக்கு ஜன்னல்கள் ஒவ்வொரு மழைக்காலமும் உப்பிக்கொண்டு சாத்த முடியாமல் போனதால், 2023 கோடையில் அவற்றைப் பெயர்த்துவிட்டு யு.பி.வி.சி. என்னும் கெட்டிப் பிளாஸ்டிக் ஜன்னல்கள் போட்டோம். அந்த டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. வடக்குப் பார்த்த படுக்கையறை ஜன்னலுக்குக் கீழே சுவர் ஊறி, பூச்சு கையோடு வந்தது. இரவெல்லாம் துணியைப் போட்டுப் பிழிந்துகொண்டிருந்தோம்.

பொருத்தியவர்கள் வந்து, வெளியே சுற்றிலும் இன்னொரு முறை சிலிக்கான் பசை பூசிவிட்டுப் போனார்கள். அடுத்த மழையில் நிலைமை இன்னும் மோசம். சட்டத்தின் அடியில் வெளிப்பக்கமாகச் சிறு துளைகள் இருக்கும். கதவு நகரும் தடத்தில் சேரும் தண்ணீர் வடியத்தான் அவை. அவற்றையும் சேர்த்து அடைத்திருக்கிறார்கள்! தடம் தொட்டிபோல் நிரம்பி, தண்ணீர் உள்ளே வழிந்தது. எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

துளைகளைத் திறந்துவிட்டு, கோடையில் நானே தோட்டக் குழாயை எடுத்துச் சோதித்தேன். கீழிருந்து தொடங்குங்கள். மேலே பீய்ச்சினால் எல்லாமே நனைந்து, எங்கே நுழைகிறது என்பது தெரியாமல் போகும். நான் ஜன்னலின் அடியில் பதித்த கல்லில் பத்து நிமிடம் பிடித்ததுமே, உள்ளே டார்ச்சுடன் நின்ற மனைவி குரல் கொடுத்தார். ரசமட்டம் வைத்துப் பார்த்தால் கிரானைட் கல் வீட்டுக்குள் சரிந்திருந்தது.

கொத்தனார் கல்லைப் பெயர்த்து, வெளிப்பக்கம் வாட்டம் கொடுத்துப் பதித்தார். கல் இப்போது சுவரைத் தாண்டி இரண்டு அங்குலம் நீண்டிருக்கிறது. நீட்டிய பகுதியின் அடியில் ஒரு காடி, அதாவது நீளவாக்கில் சிறு பள்ளம், வெட்டச் சொன்னேன். அது இல்லாவிட்டால் தண்ணீர் கல்லின் அடியை ஒட்டியபடியே சுவருக்குத் திரும்பிவிடும். சட்டத்தைச் சுற்றி அடைக்கும் நுரையை மட்டும் நம்பாதீர்கள். அது இடைவெளியை நிரப்பும்; வெயில் பட்டால் பொடிந்துவிடும். சிலிக்கானும் புழுதி படிந்த பூச்சில் ஒட்டாது. எங்கள் வீட்டில் அது நாடாவாக உரிந்து வந்தது.

கனடாவின் ஸ்காபரோவிலிருந்து:

இங்கே மரச்சட்ட வீடுகள். உள்ளே நீர் போனால் பலகை உளுத்துவிடும், வெளியே ஒன்றும் தெரியாது. எங்கள் பழைய யன்னலைக் கழற்றியபோது அடிக்கட்டை கையால் நசுங்கியது. யன்னலைச் சுற்றி ஒட்டும் நீர்த்தடுப்பு நாடாவை முன்பு யாரோ மேலே முதலில் ஒட்டி, பக்கங்களை அதன்மேல் ஒட்டியிருந்தார்கள். வழிந்த நீர் நேரே நாடாவின் பின்னால் போயிருக்கிறது. கிடுகு வேயும் ஒழுங்குதான் இதற்கும்: கீழே முதலில், பிறகு பக்கங்கள், கடைசியில் மேலே. மேலுள்ளது கீழுள்ளதன்மேல் படிய வேண்டும். யன்னலின் அடி விளிம்பை மட்டும் நாங்கள் ஒட்டி மூடவில்லை, உள்ளே போன நீர் வெளியேற வேண்டுமே.

நாகர்கோவிலிலிருந்து:

எங்களுக்கு இரண்டு பருவமழையும் உண்டு. மாடி ஜன்னலுக்கு மேலே ஓரடி சன்ஷேடுதான். சாய்ந்தடிக்கும் மழைக்கு அது போதவில்லை. அதற்கு மேல் தகரத்தில் இரண்டடி மறைப்பு வைத்தோம். முதல் மழையில் தகரத்துக்கும் சுவருக்கும் நடுவே ஒழுகியது. பிறகு சுவரில் காடி வெட்டி, தகட்டின் மேல்விளிம்பை உள்ளே செருகிப் பூசினோம். அதோடு ஒழுகுவது நின்றது. மடிப்பாக்கத்து நண்பர் சொன்ன துளைகளை இன்று போய்ப் பார்த்தேன். எங்கள் வீட்டில் இரண்டு, பெயின்டால் அடைபட்டிருந்தன.