உதவி: கையால் உருட்டிய எண்ணைப் போடும் கட்டம் ஒருவருக்கு மட்டும் வருகிறது, மற்றவர்களுக்கு வரவில்லை

மலைக்குகை, மாலை 4:40
அவசரம். இன்று இரவு 7 மணிக்கு இணையத்தில் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (டி அண்ட் டி) கதை ஆட்டம். எல்லோரும் அவரவர் வீட்டில் சொந்தப் பகடையை உருட்டி, விழுந்த எண்ணை மட்டும் கணினியில் போடுவது என்று பேசி வைத்திருக்கிறோம். எனக்கு ஒழுங்காக வருகிறது. தாக்குதல் பொத்தானை அமுக்கினால் எண் கேட்டு ஒரு சின்னக் கட்டம் எழும்புகிறது. விளையாடும் மூன்று பேரில் ஒருவருக்கு மட்டும் அது வருகிறது. மற்ற இருவருக்கும் கணினியே உருட்டிவிடுகிறது. செட்டிங் எல்லாம் பார்த்தாயிற்று. யாராவது சொல்லுங்களேன்.

டி20_பித்து, 4:46
எந்த மென்பொருள்? ரோல்20-ஆ, ஃபவுண்ட்ரியா, வேறு ஏதாவதா? பதிப்பு எண் என்ன? நீங்கள் ஆட்டத்தை நடத்தும் ஜிஎம்மா? இதெல்லாம் தெரியாமல் எதைச் சொல்வது?

வலைக்கம்பி, 4:51
விழுந்த எண்ணைத் தானே கணினிக்கு அனுப்புகிற ப்ளூடூத் பகடைதானே? அப்படியென்றால் காரணம் எனக்குத் தெரியும். பிரவுசர் ப்ளூடூத்தைத் தொட வேண்டுமானால் முகவரி பாதுகாப்பான ஹெச்டிடிபிஎஸ்ஸாக இருக்க வேண்டும், இல்லையென்றால் லோக்கல்ஹோஸ்ட்டாக, அதாவது அதே கணினியாக இருக்க வேண்டும். நீங்கள் உங்கள் கணினியிலேயே சர்வர் ஓட்டுவதால் உங்களுக்கு வேலை செய்யும். மற்றவர்கள் வெறும் ஹெச்டிடிபி வழியாக உள்ளே வந்தால் பிரவுசர் விடாது. அப்புறம் ஃபயர்ஃபாக்ஸிலும் சஃபாரியிலும் அந்த வசதியே கிடையாது. குரோம் அல்லது எட்ஜுக்கு மாறச் சொல்லுங்கள்.

மலைக்குகை, 4:58
சொல்ல விட்டுப்போயிற்று. ஃபவுண்ட்ரி 12. நான்தான் ஜிஎம். டி&டி ஐந்தாம் பதிப்பு. ப்ளூடூத் எல்லாம் இல்லை, சாதாரண பிளாஸ்டிக் பகடை.

இரவாட்டம், 5:02
மாட்யூல் (ஃபவுண்ட்ரியில் கூடுதலாகச் சேர்க்கிற செருகல்) மோதலாக இருக்கும். எல்லா மாட்யூலையும் அணைத்துவிட்டு, ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். முதலில் டைஸ் ஸோ நைஸை அணையுங்கள், பகடை விஷயத்தில் கை வைக்கிற மாட்யூல் அதுதான்.

வலைக்கம்பி, 5:05
ப்ளூடூத் இல்லை என்றாலும் ஹெச்டிடிபிஎஸ் போட்டு வைப்பது நல்லது. எத்தனையோ பிரச்சினைக்கு மூலம் அதுதான். அந்த இருவரும் எந்த பிரவுசர்?

மலைக்குகை, 5:09
மூன்று பேருமே குரோம். டைஸ் ஸோ நைஸை அணைத்துப் பார்த்தேன், மாற்றமில்லை.

பழைய_டிஎம், 5:14
தம்பி, கேள்வி கேட்கிறவர் பதிப்பு எண், மாட்யூல் பட்டியல், செய்து பார்த்த படிகள் மூன்றையும் முதல் பதிவிலேயே போட வேண்டும். இதை இங்கே எத்தனை முறை எழுதுவது? அது போகட்டும். கையால் உருட்டியே ஆக வேண்டிய தேவை என்ன? ஃபவுண்ட்ரி எண் எடுப்பது மெர்சென் ட்விஸ்டர் முறையில். மாட்சுமோட்டோ, நிஷிமுரா என்ற இருவர் 1998-இல் வெளியிட்டது. அந்த எண்வரிசை திரும்பி வர 2-இன் 19937-ஆம் அடுக்குக்கு ஒன்று குறைவான தடவை உருட்ட வேண்டும். அச்சில் வார்த்த பிளாஸ்டிக் துண்டு இதற்குப் பக்கத்தில் நிற்குமா? கையால்தான் வேண்டும் என்றால் சாட்டில் ஸ்லாஷ் ஆர் (/r) போட்டு, 17 விழுந்து 5 கூட்ட வேண்டுமென்றால் 17+5 என்று அடிக்கச் சொல்லுங்கள். முடிந்தது.

மஞ்சள்_டிராகன், 5:21
அண்ணா, அப்படி அடித்தால் சாட்டில் 22 என்ற கூட்டுத்தொகை மட்டும்தான் நிற்கும். டி20-இல், அதாவது 20 முகப் பகடையில், என்ன விழுந்தது என்பது மென்பொருளுக்குத் தெரியாது. 20 விழுந்தாலும் 25 என்று ஒரு வெறும் எண், க்ரிட்டிக்கல் (கூடுதல் சேதம் தரும் அடி) என்று காட்டாது. கட்டத்தில் போட்டால் பகடை எண்ணைத் தனியாக எடுத்துக்கொண்டு மற்ற கணக்கை அதுவே பார்த்துக்கொள்ளும். அட்வான்டேஜ் இருந்தால் இரண்டு எண் கேட்டுப் பெரியதை எடுக்கும். அவர் கேட்பது அந்தக் கட்டத்தைத்தான்.

தேவை என்ன என்று கேட்டதற்கும் சொல்கிறேன். ஆறு வருடம் ஒரே மேசையில் ஆடிய எங்கள் குழு இன்று மூன்று ஊரில் இருக்கிறது. என்னிடம் இருக்கும் பச்சை டி20-இல், 20 என்ற எண்ணின் வெள்ளைச் சாயம் பாதி தேய்ந்துவிட்டது. அது மரத்தட்டில் உருண்டு ஓரத்தில் முட்டி நிற்கிற வரைக்கும் மைக்கில் யாரும் பேச மாட்டார்கள். கணினி எண் நேர்மையானதுதான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்த இரண்டு நொடியை அதனால் தர முடியாது.

பழைய_டிஎம், 5:26
உணர்ச்சி வேறு, நிகழ்தகவு வேறு. ஆளாளுக்கு வீட்டில் உருட்டி எண் சொன்னால் நம்புவது எப்படி? என் ஆட்டத்தில் தட்டைப் பார்த்து கேமரா வைக்காதவருக்குக் கைப்பகடை கிடையாது.

டி20_பித்து, 5:30
நம்பிக்கை இல்லாதவர்களோடு வாரம் நாலு மணி நேரம் எதற்கு உட்கார வேண்டும்? பொய் எண் சொல்பவர் இருந்தால் அவரிடம் பேச வேண்டும், கேமரா வைப்பது தீர்வில்லை. பகடை மேல் சந்தேகம் என்றால் உப்புத்தண்ணீரில் போட்டுப் பார்க்கலாம். பகடை மிதக்கிற அளவுக்கு உப்பைக் கரைத்து, மிதக்கும் பகடையைச் சுண்டி விடுங்கள். திரும்பத் திரும்ப ஒரே முகம் மேலே வந்தால் உள்ளே காற்றுக் குமிழி இருக்கிறது. நான் 11 பகடை சோதித்து 2-ஐ ஒதுக்கினேன்.

இரவாட்டம், 5:33
எண் குறைந்துகொண்டே வரிசையாகப் போகும் ஸ்பின்டவுன் டி20-ஐ யாராவது உருட்டுகிறார்களா என்றும் பாருங்கள். உயிர்க்கணக்கு வைப்பதற்கு என்று செய்தது அது. பெரிய எண்கள் எல்லாம் ஒரு பக்கமாகக் கூடியிருக்கும்.

பழைய_டிஎம், 5:37
உப்புத்தண்ணீரில் பத்துத் தடவை சுண்டுவது சோதனையே ஆகாது. 20 முகத்துக்கும் சேர்த்துச் சில நூறு தடவையாவது உருட்டிக் குறித்து வைத்தால்தான் பேச முடியும்.

டி20_பித்து, 5:39
ஆட்டம் ஆடத்தானே வருகிறோம். குமிழி இருக்கிறதா என்று பார்க்க அது போதும்.

மஞ்சள்_டிராகன், 5:44
உப்புத்தண்ணீருக்குத் தனி இழை போடுங்கள், அவருக்கு 7 மணிக்கு ஆட்டம். மலைக்குகை, ஒன்று சொல்லுங்கள். கட்டம் வருகிற அந்த ஒருவருக்கும் மற்ற இருவருக்கும் பயனர் பட்டியலில் ஏதாவது வித்தியாசம் இருக்கிறதா? ஒருவர் பிளேயர், ஒருவர் டிரஸ்டட் பிளேயர் என்கிற மாதிரி?

மலைக்குகை, 5:52
ஆமாம், அவர் டிரஸ்டட். வரைபடத்தில் கோடு வரைய முடியவில்லை என்றார், போன மாதம் மாற்றிவிட்டேன். மற்ற இருவரும் பிளேயர். அதற்கும் பகடைக்கும் என்ன சம்பந்தம்?

மஞ்சள்_டிராகன், 5:57
அதேதான். கையால் எண் போடுவதற்கு என்று தனி அனுமதி இருக்கிறது. யாரும் மாற்றாவிட்டால் அது டிரஸ்டட் பிளேயரிலிருந்துதான் தொடங்கும். வரைவதற்கான அனுமதியும் அப்படியே, அதனால்தான் அவருக்கு இரண்டும் சேர்ந்து கிடைத்துவிட்டது. நீங்கள் ஜிஎம், உங்களுக்கு எதுவும் தடையில்லை, ஆகவே உங்கள் திரையில் எவ்வளவு தேடினாலும் பிழை தெரியாது.

செட்டிங்ஸில் பயனர் அனுமதிப் பக்கத்தைத் திறங்கள். மேனுவல் ரோல் என்று வரும் வரியில் பிளேயர் பத்திக்கு டிக் போட்டுச் சேமியுங்கள். அந்த இருவரையும் பக்கத்தை ரீலோட் செய்யச் சொல்லுங்கள். அப்புறம் அவரவர் கணினியில் டைஸ் கான்ஃபிகரேஷனுக்குப் போய் மேனுவலைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நீங்கள் ஒரு இடத்தில் மாற்றினால் எல்லோருக்கும் மாறாது.

இன்னொன்று. எண் போடாமல் கட்டத்தை மூடினால் கணினியே ஒரு எண்ணை நிரப்பிவிடும், கவனம். ஃபயர்பால் மந்திரம் என்றால் 8 டி6, அதாவது ஆறுமுகப் பகடை எட்டு, எட்டு எண்ணையும் தட்ட வேண்டும். நாங்கள் டி20-ஐ மட்டும் கைக்கு வைத்துக்கொண்டு டி6-ஐக் கணினியிடம் விட்டுவிட்டோம். ஒவ்வொரு பகடைக்கும் தனித்தனியாகத் தேர்ந்தெடுக்கலாம்.

வலைக்கம்பி, 6:03
ஆட்டம் முடிந்ததும் ஹெச்டிடிபிஎஸ்ஸையும் பாருங்கள்.

டி20_பித்து, 6:31
மலைக்குகை, வந்ததா?

மலைக்குகை, 6:54
அனுமதிதான். இருவருக்கும் கட்டம் வந்துவிட்டது. ஒருவர் சோதனைக்கு உருட்டி 3 போட்டார், மைக்கில் தட்டுச் சத்தம் கேட்டது. டி6 கணினிக்கே. நன்றி, ஆட்கள் வந்துவிட்டார்கள், போகிறேன்.